ஏடெழுதக் கற்றல்: ஓலையும் எழுத்தாணியும் மையும்

(சுருத பஞ்சமி விழாவையொட்டித் திருவரங்கத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சுருத பஞ்சமி எழுத்துக்கு உரிய திருநாள். அதன் வரலாறு அவையினர் அறிந்ததே. ஆயினும் அதில் ஒரு சிறு பகுதி இன்றைய பொருளுக்கு மிக வேண்டப்படுவது. கிர்நார் மலையின் சந்திரக் குகையில் வாழ்ந்த தரசேன ஆசாரியர், தம் நெஞ்சில் தங்கியிருந்த ஆகமப் பகுதி தம்மோடு மறைந்துவிடுமோ என்று கவன்று இரண்டு துறவியரை வரவழைத்தார். பாடஞ்சொல்லத் தொடங்குமுன் அவர்களுக்கு ஒரு தேர்வு வைத்தார் என்று வீரசேனரின் தவளம் என்னும் உரை கூறுகிறது. இருவருக்கும் ஒவ்வொரு மந்திரம் கொடுத்தார். ஒன்றில் ஓர் எழுத்து மிகை. மற்றொன்றில் ஓர் எழுத்துக் குறை. அவற்றை அவர்கள் உருவேற்றியபோது தோன்றிய தேவதையருள் ஒருத்திக்குப் பற்கள் நீண்டு துருத்தியிருந்தன. மற்றவளுக்கு ஒரு கண் இல்லை. தேவர்க்கு இத்தகைய ஊனம் இயல்பன்று என்று உணர்ந்த துறவியர், குற்றம் தங்கள் கையிலிருந்த எழுத்தில் இருக்க வேண்டும் என்று தெளிந்து, இலக்கணத்தால் மந்திரத்தைத் திருத்தி மீண்டும் ஓதினர். தேவதையர் குறைநீங்கிய வடிவோடு வந்தனர். அதன்பின்னரே தரசேனர் அவர்களை மாணவராக ஏற்றார். அவர்களே புட்பதந்தரும் பூதபலியும் ஆவர். புட்பதந்தர் வனவாசிக்குச் சென்று நூலைத் தொடங்கினார். பூதபலி திரமிள தேசம் எனப்பட்ட தமிழகத்தில் இருந்து அதை முடித்தார். ஷட்கண்டாகமம் ஏடேறி நிறைவுற்ற நாளே இன்று போற்றப்படும் பஞ்சமி.

ஓர் எழுத்துக் குறைந்தால் ஒரு கண் போகும் என்பது ஏடெழுதுவோர் மறக்கக் கூடாத செய்தி. அவ்வேட்டெழுத்தைப் புதிதாகக் கற்கப் புகுவோர்க்கு எவை எவை வேண்டும், எங்கே கை தடுமாறும், மை எப்படிக் கூட்டப்படும் என்பனவே இவ்வுரையின் பொருள்.

மேலைநாடுகளில் இடைக்காலத் துறவிமடங்களின் எழுத்துமுறையை, இறகுப் பேனாவும் பதனிட்ட தோலும் கொண்டு ஆர்வத்தோடு பயில்வோர் இன்றும் உளர். தமிழகத்தில் அதற்கு ஈடானது பனையோலையில் எழுத்தாணியால் எழுதுதல். ஆனால் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் இது பொழுதுபோக்கு என்னும் அளவில் நிற்பதற்கில்லை. எத்தனையோ இல்லங்களில் பூசையறையிலும் பரணிலும் துணியில் சுற்றிய சுவடிக் கட்டுகள் இருக்கின்றன. பஞ்சமியன்று அவற்றை எடுத்துத் தூசு தட்டி, மஞ்சளும் மலரும் இட்டு வணங்கி, மீண்டும் கட்டி வைக்கின்றனர். உள்ளே இருப்பது ஸ்ரீபுராணமா, தோத்திரமா, மருத்துவமா, நிலக்கணக்கா என்று சொல்ல வல்லவர் அவ்வில்லத்தில் இல்லை. வணக்கம் நிலைத்திருக்கிறது, வாசிப்பு நின்றுபோயிற்று. வாசிப்பை மீட்பதற்கு நேர்வழி எழுதக் கற்பதே என்பது சுவடியோடு பழகியவர் பலரும் ஒப்பும் உண்மை. தன் கையால் கீறிப் பார்த்தவனுக்குப் பழைய கையெழுத்தின் வளைவும் சுருக்கமும் தாமே விளங்கும்.

வாசிப்பு நின்றால் என்னவாகும் என்பதற்கு வளையாபதியே சான்று. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய அச்சமண நூலின் ஏட்டைத் திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளுக்கிடையே தம் இளமையில் பார்த்ததாக உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். பின்னர்ப் பதிப்பிக்கும் எண்ணத்தோடு தேடியபோது அது கிடைக்கவில்லை. இன்று எஞ்சியிருப்பவை மேற்கோளாக வேறு நூல்களில் தங்கிய எழுபதுக்குச் சற்று மேற்பட்ட பாடல்களே. களப்பிரர் காலத்திலோ படையெடுப்பிலோ அந்நூல் அழியவில்லை. புகைவண்டி ஓடத் தொடங்கிவிட்ட காலத்தில், ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் மறைந்தது. சீவகசிந்தாமணிக்கும் அக்கதி நேராதிருந்ததற்குக் காரணம், கும்பகோணத்துச் சமணர் அதை வீட்டில் ஏடாக வைத்திருந்ததோடு, பொருள் சொல்லிப் படித்துக்கொண்டும் இருந்தமை. அவர்கள் சொன்ன விளக்கங்களின் துணையோடுதான் 1887இல் அந்நூல் அச்சேறியது.

ஆடிப் பதினெட்டன்று அம்மா மண்டபப் படித்துறையில் காவிரிக்குக் காதோலை கருகமணி விடும் காட்சியைத் திருவரங்கத்தார் ஆண்டுதோறும் காண்கின்றனர். அப்பெருக்கு நாளில் பயனற்றவை என்று கருதிய சுவடிகளையும் ஆற்றில் விட்ட வழக்கம் தமிழகத்தில் இருந்ததைச் சாமிநாதையர் வருத்தத்தோடு குறித்துள்ளார். விட்டவர்கள் தீயவர் அல்லர். படிக்கத் தெரியாத ஏட்டைக் குப்பையில் எறிய மனமின்றிப் புனலில் விட்டனர்.

திருவரங்கமும் திருச்சிராப்பள்ளியும் எழுத்துக்கு அயலான ஊர்கள் அல்ல. மலைக்கோட்டைக் குன்றின் குகையில் சமண முனிவர்க்கு உரிய கற்படுக்கைகள் உள்ளன. அங்குப் பொறித்த பழைய எழுத்துகளுள் காணும் ‘சிரா’ என்னும் பெயரைக் கொண்டே சிராப்பள்ளி என்னும் ஊர்ப்பெயரை விளக்குவோரும் உளர். அரங்கன் கோயிலுக்குள் போசளர் ஆட்சிக்காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், சரசுவதி பண்டாரம் என்னும் சுவடிச்சாலை நிறுவப்பட்டு, அதில் அயக்கிரீவர், சரசுவதி, வியாசர் திருவுருவங்கள் எழுந்தருளுவிக்கப்பட்டதைக் கோயிற் கல்வெட்டு தெரிவிக்கிறது. நூலுக்குக் கோயிலெடுக்கும் எண்ணம் சமயந்தோறும் ஒன்றே போலும். ஏடு அச்சுக்கு இடம் கொடுத்த காலத்திலும் இவ்வூர் முன்னின்றது. திருவரங்கத்து வாணி விலாச அச்சகம் 1910இல் சங்கரர் நூல்களை 20 தொகுதிகளாக வெளியிட்டது. அச்சு வந்தபின் ஏடெழுதுவோரின் கை ஓய்ந்தது. அக்கையோடு ஓலை பதனிடும் அறிவும் மை கூட்டும் அறிவும் ஓய்ந்தன.

இனி, கற்கத் தொடங்குபவரின் பக்கம் வருவோம். முதலில் ஓலை. பனையோலையும் கூந்தற்பனை ஓலையும் என எழுதற்குரியவை இரண்டு. பின்னதையே ஸ்ரீதாளம், சீதாளம் என்பர். அது மெல்லியது, அகலமானது, வளையக் கூடியது. தமிழகத்துச் சுவடிகளுள் மிகப் பல பனையோலையால் ஆனவை. அது தடித்தது, முரடானது, மலிவானது. திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த வறண்ட நிலங்களில் எளிதிற் கிடைப்பது. புதிதாகக் கற்பவருக்குப் பனையோலையே ஏற்றது, கிழிந்தாலும் வருத்தமில்லை.

குருத்தும் வேண்டா, முற்றலும் வேண்டா. குருத்தோலை உலர்ந்ததும் சுருங்கும். முற்றிய ஓலை எழுத்தாணிக்கு இடங்கொடாமல் வெடிக்கும். இரண்டுக்கும் நடுப்பட்டதை எடுத்து, நடுவிலுள்ள ஈர்க்கை நீக்கி, நிழலில் உலர்த்தி, மஞ்சள் கலந்த நீரில் வேகவைத்து, மீண்டும் நிழலிலேயே உலர்த்த வேண்டும். வேகவைத்தால் ஓலையின் விறைப்பு நீங்கும். மஞ்சள் பூச்சிக்குப் பகை. பின்னர் ஓலையைப் பலகையில் வைத்து வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகிட வேண்டும். பழைய நாளில் சங்காலும் தேய்த்தனர். சிராவகர் கூழாங்கல்லோடு அமையலாம். ஒரே அளவாக நறுக்குவதை ஏடு வாருதல் என்பர். ஒன்றேகால் அடி நீளமும் ஒன்றரை அங்குல அகலமும் உள்ள ஏட்டில் ஆறு முதல் எட்டு வரி வரை எழுதலாம். கற்பவர் நான்கு வரியோடு நிற்பது நலம். துளை இரண்டு. ஒன்றில் கயிறு, மற்றொன்றில் ஏடுகள் விலகாதிருக்கச் செருகும் கம்பி அல்லது மூங்கிற்குச்சி. அதற்கு நாராசம் என்று பெயர். கயிற்றின் நுனியில் கிளிமூக்கு வடிவில் நறுக்கிய ஓலைத்துண்டைக் கோத்திருப்பர். அதன் பெயரும் கிளிமூக்கே.

எழுத்தாணியுள் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என வகை உண்டு. தலைப்பகுதி உருண்டு கனத்த குண்டெழுத்தாணி தொடக்கக்காரர்க்கு உரியது. வாரெழுத்தாணியின் மறுமுனையில் ஏடு வாரும் கத்தி இருக்கும். மடக்கெழுத்தாணி பேனாக்கத்தி போல் மடங்கும்; கணக்கரின் இடுப்பில் இருந்தது அதுவே. இன்று இவற்றுள் ஒன்றும் கிடைக்காதவர், கொல்லரிடம் இரும்புக் கம்பியைக் கொடுத்து முனை செய்வித்துக்கொள்ளலாம். முனை ஊசி போல் இருத்தல் ஆகாது. மிகக் கூரிய முனை ஓலையைத் துளைக்கும். மழுங்கிய முனை நழுவும். கீறவும் வேண்டும், துளைக்கவும் கூடாது என்னும் அந்த நடுநிலையை உரைகல்லில் சிறிது சிறிதாகத் தேய்த்துத் தேய்த்தே காண முடியும்.

கையில் பிடிக்கும் முறைதான் காகிதத்தில் பழகியவரைத் திகைக்க வைப்பது. மேசை இல்லை. இடக்கையில் ஓலை, வலக்கை மடக்கிய பிடியில் எழுத்தாணி நிமிர்ந்து நிற்கும், அதன் தண்டு இடக்கைப் பெருவிரல் நகத்தின்மேல் சாயும். தொழிலாக ஏடெழுதியோர் அந்நகத்தை வளர்த்து, அதில் பிறைபோல் ஒரு வெட்டு வைத்து, எழுத்தாணி தங்க இடம் செய்துகொண்டனர். எழுத எழுத வலக்கை காகிதத்தின்மேல் ஓடுவதுபோல் ஓடுவதில்லை. இடப்பெருவிரல் தாங்கித் தள்ள, ஓலையே சிறிது சிறிதாக இடப்புறம் நகர்கிறது. எழுத்தாணி ஏறக்குறைய நின்ற இடத்தில் நின்றே ஆடுகிறது. ஆதலால் முதல் சில வாரங்களில் கற்பவர் பயிற்ற வேண்டியது எழுதுகின்ற வலக்கையை அன்று, எழுதாத இடக்கையை. இதனை அறியாமல் வலக்கையை அழுத்தி அழுத்தித் தோள் நோகக் கைவிட்டோர் பலர்.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிய பின்னரே ஓலைக்கு வந்தனர். ஆசிரியர் ஏட்டில் எழுத்துகளைக் கீறிக் கொடுப்பார். மாணவன் அக்கீறலின்மேலேயே எழுத்தாணியை மீண்டும் மீண்டும் ஓட்டிக் கையைப் பழக்குவான். முதியவர்க்கும் இம்முறையே ஏற்றது. ஓலையில் நார் நீளவாக்கில் ஓடுகிறது. நாரின் போக்கிலேயே நேர்க்கோடு இழுத்தால் எழுத்தாணி நாரிடுக்கில் சிக்கி, நினைத்த இடத்தில் நிற்காமல் ஓடிவிடும், ஓலையும் பிளக்கும். நாருக்குக் குறுக்கே வளைத்தால் முனைக்குப் பிடி கிடைக்கும். தமிழ் எழுத்தின் வட்டவடிவுக்கு ஓலையே காரணம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கலாம். அதை வாதத்தால் நிறுவுவதைவிட ஒரு பகற்பொழுது ‘ட’கரமும் ‘ப’கரமும் எழுதிப் பார்ப்பது விரைவானது. அவற்றின் கூரிய மூலைகள் கையறியாமலே மழுங்கி உருளத் தொடங்கும். பின்னர் ஒருநாள் சித்தன்னவாசலுக்குச் சென்று, ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கையில் உளியால் வெட்டிய தமிழ்ப் பிராமி எழுத்துகளைக் காண வேண்டும். கோடு கோடாக நிற்கும் அக்கல்லெழுத்துக்கும் ஓலையின் வளைவெழுத்துக்கும் இடையே உள்ள தொலைவு அப்போது கண்ணுக்குத் தெரியும். திருச்சிராப்பள்ளியிலிருந்து காலையிற் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடக் கூடிய பயணமே அது.

கையை விடக் கண்ணைத் தடுமாற வைப்பது ஏட்டெழுத்தின் மரபு. ஏட்டில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இல்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலையில் துளை விழும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். எகர ஒகரக் குறில்நெடில் வேறுபாடு இல்லை. திருச்சிராப்பள்ளிச் சீமையில் நெடுங்காலம் வாழ்ந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் அவ்வேறுபாட்டைக் காட்டும் வடிவங்களை வகுத்தபின்னும் ஏடெழுதுவோர் பலர் பழைய வழக்கையே பின்பற்றினர். போதாக்குறைக்கு, ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் இருக்கும். ஏட்டில் ‘பரவை’ என நிற்பது பரவையா பாவையா என்பதை இடமறிந்தே கொள்ள வேண்டும். ‘எரி’ என்றால் எரியா ஏரியா? முன்பின் சொற்களே விடை கூறும். பொருள் தெரியாதவன் எழுத்தைக் கூட்ட முடியாது. எழுத்தைக் கூட்டாதவனுக்குப் பொருள் தெரியாது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்னும் பழமொழி சும்மா பிறக்கவில்லை.

தமிழ்ச் சமணர்க்கு இதில் மேலும் ஒரு சுமை உண்டு. ஸ்ரீபுராணம் போன்றவை தமிழும் வடமொழியும் விரவிய மணிப்பிரவாள நடையின. தமிழெழுத்தோடு கிரந்த எழுத்தும் கலந்தே ஏட்டில் வரும். ஆகவே தமிழ் வரிவடிவில் கை தேறியதும் கிரந்தத்தைத் தொடங்குவது இன்றியமையாதது. முன்னதை விட்டுப் பின்னதில் தொடங்குவது வீண். தமிழெழுத்து அறிந்த கைக்குக் கிரந்தத்தில் பாதி வடிவங்கள் முன்பே அறிமுகமானவை.

மையைப் பற்றிச் சொல்லுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். தமிழகத்து ஏட்டில் மை எழுதுவதில்லை. எழுதுவது எழுத்தாணி. அது கீறிய பள்ளம் ஓலையின் நிறத்திலேயே இருக்கும். சாய்த்துப் பிடித்தால் மட்டும் கண்ணுக்குத் தெரியும். அப்பள்ளத்தில் மையைத் தடவி, மேற்புறத்தைத் துடைத்துவிட்டால், பள்ளத்தில் தங்கிய கருமை எழுத்தாக விளங்கும். மையாடல் என்னும் சொல் இதிலிருந்து வந்தது. பிள்ளையின் கல்வித் தொடக்கத்தையே அச்சொல்லால் முன்னோர் குறித்தனர். வடநாட்டு மரபு வேறு. பாட்டனத்திலும் ஜைசல்மேரிலும் உள்ள சமண ஞான பண்டாரங்களின் ஓலைச்சுவடிகள் நாணற்பேனாவைத் தொட்டு மையால் எழுதப்பட்டவை. தென்னாட்டிலேயே மூடபித்ரியில் காக்கப்பட்டுவந்த தவளச் சுவடிகளும் ஸ்ரீதாள ஓலையில் மையால் எழுதியவையே. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை என்று மதிக்கப்படும் அவ்வேடுகளின் மை இன்றும் கருத்திருக்கிறது. ஹீராலால் ஜெயின் 1939 முதல் 1958 வரை 16 தொகுதிகளாகத் தவளத்தைப் பதிப்பிக்க அவ்வேடுகளின் வழிவந்த படிகளே அடிப்படை.

இரண்டு மைக்கும் உயிர் ஒன்றே: விளக்குக் கரி. நல்லெண்ணெயோ ஆமணக்கெண்ணெயோ ஊற்றிய அகலில் தடித்த திரியை ஏற்றி, சுடர் தொடுமளவுக்கு மேலே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தால் அடிப்புறத்தில் கரி படியும். திரி தடிக்கத் தடிக்கப் புகை மிகும், கரியும் மிகும். காற்றோட்டம் கூடாது. இதனைப் பகலில் செய்வதே சிராவகர்க்கு உகந்தது. இரவில் ஏற்றினால் விட்டிற்பூச்சிகள் வந்து விழும். படிந்த கரியைச் சுரண்ட இறகு வேண்டா. ஓலை நறுக்கே போதும். முதல் முறை கிடைக்கும் அளவைக் கண்டு மனந்தளரக் கூடாது. ஒரு பகல் முழுதும் எரித்தாலும் கரி ஒரு சிமிழின் அடியை மறைக்கும் அளவுதான் தேறும். ஆனால் அச்சிறு கரி பல ஏடுகளுக்குக் காணும்.

ஏட்டில் தடவும் மைக்கு இக்கரியை எண்ணெய் விட்டுக் குழைத்தால் போதும். முன்னோர் இதனோடு மாவிலைக் கரி, தருப்பைக் கரி, கோவையிலைச் சாறு, ஊமத்தையிலைச் சாறு, மஞ்சள் முதலியன கூட்டினர். இலைச்சாறு கரியைப் பள்ளத்தில் பற்றவைக்கும். கசப்பும் நஞ்சும் பூச்சியை அணுகவிடா. ஆயினும் ஊமத்தை நச்சுச்செடி. சிறுவர் கையில் அதைக் கொடுப்பது தகாது. பயிற்சி ஏட்டுக்கு அது தேவையும் இல்லை. கோவையிலையே போதும். மையைத் துணிப்பொட்டலத்தில் தொட்டு ஏட்டின்மேல் வட்டமாகத் தேய்த்து, சிறிதுநேரம் விட்டு, தவிட்டையோ உலர்ந்த துணியையோ கொண்டு மேற்புறத்தைத் துடைக்க வேண்டும். எழுத்து தோன்றும் அக்கணத்தில் கற்பவர் முகத்தில் மலரும் வியப்பை வருணிக்கத் தேவையில்லை. அதே கணத்தில் தெரிவது, எங்கெங்கே கீறல் ஆழம் போதவில்லை என்பதும்.

பேனாவால் எழுதும் மைக்கு எண்ணெய் ஆகாது. கரியைப் பிசின்நீரில் அரைக்க வேண்டும். விளக்குக் கரி நீரை வெறுக்கும்; நேரே நீரில் இட்டால் மேலே மிதந்து பறக்கும். ஆகவே கெட்டியான வேலம்பிசின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு முதலில் களிபோல் பிசைந்து, கல்வத்தில் இட்டு அரைத்து, பின்னரே நீர் சேர்த்து நெகிழ்த்த வேண்டும். அரைக்கும் பொழுதில்தான் மையின் தரம் இருக்கிறது. கை சலித்து நிறுத்துவோரின் மை திரிதிரியாக நிற்கும். பிசின் குறைந்தால் உலர்ந்த எழுத்து விரலோடு வரும். மிகுந்தால் வெடித்து உதிரும். எழுதி உலர்த்தி, ஏட்டை மெல்ல வளைத்துப் பார்த்தால் இரண்டும் தெரிந்துவிடும். வடநாட்டு முறைகள் சிலவற்றில் அரக்குச் சேர்ப்பர். அரக்கு பூச்சியிடமிருந்து வருவது. சீனத்து மைக்கட்டிகளில் சேர்வது விலங்குப் பசை. கொல்லாமையைக் கைக்கொண்டவர்க்கு வேலம்பிசின் எல்லாவற்றுக்கும் போதும்.

மேலைநாட்டு இடைக்கால நூல்களின் மை இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. ஓக்கு மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிடுவதால் உண்டாகும் புடைப்பைப் பொடித்து ஊறவைத்து, அதனோடு இரும்பு உப்பும் பிசினும் கூட்டினர். அப்புடைப்பே நாட்டுமருந்துக் கடைகளில் மாசிக்காய் என்னும் பெயரில் விற்கப்படுவது. அவ்விரும்பு உப்பே அன்னபேதி. பிள்ளை மருந்துக்கு மாசிக்காய் உரைக்கும் பாட்டியின் பெட்டியிலேயே இலத்தீன் விவிலியத்தின் மை பாதி இருக்கிறது என்றால் அவையினர் நகைக்கக் கூடும். ஆயினும் உண்மை அதுவே. தமிழகத்தில் மாசிக்காய்க்கு ஈடாகத் துவர்ப்புள்ள கடுக்காயைக் கொள்ளலாம். எழுதும்போது வெளிறியிருந்து காற்றுப் பட்டுக் கருக்கும் இம்மை காகிதத்தில் அழகாயிருக்கும். ஆனால் அதன் காடித்தன்மை நாளடைவில் தாளை அரிக்கும். விளக்குக் கரி எதையும் அரிப்பதில்லை, வெயிலிலும் வெளுப்பதில்லை. நிலைத்திருக்க வேண்டியதை எழுதுவோர் கரிமையையே தேர்வது அறிவுடைமை.

கற்பவர் கையில் மை வந்ததும் அவர் செய்யத் துணியும் ஒரு செயலைத் தடுக்க வேண்டியிருக்கிறது. வீட்டுப் பழைய ஏட்டில் எழுத்து மங்கியிருக்கக் கண்டு, தாம் கூட்டிய மையை அதில் தடவ எண்ணுவர். வேண்டா. நொறுங்கும் நிலையிலுள்ள ஏடு தேய்ப்பைத் தாங்காது. வெயிலில் உலர்த்துதல், தேங்காயெண்ணெய் பூசுதல், மண்ணெண்ணெய் தெளித்தல், பேனாவால் எண்ணிடுதல், ஒட்டுநாடாவால் கிழிசலை ஒட்டுதல் ஆகியவை எல்லாம் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் அழிவுகள். எலுமிச்சைப்புல் தைலத்தை மிக மெல்லியதாகத் தடவுவது சுவடி நூலகங்களின் வழக்கம். அதையும் பயின்றவர் கையாலேயே செய்விக்க வேண்டும். கட்டினுள் வசம்புத் துண்டு வைப்பதை மட்டும் எவரும் செய்யலாம்; அதன் மணம் பூச்சியைக் கொல்வதில்லை, விலக்குகிறது. முன்னோர் கண்ட இவ்வழியைவிடச் சமண அறத்துக்குப் பொருந்திய வழி வேறில்லை. திருவரங்கத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் தஞ்சாவூர் இருக்கிறது. சரசுவதி மகால் நூலகத்திலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் சுவடி அறிந்தோர் இருக்கின்றனர். மேல்சித்தாமூர் மடத்திலும் சுவடிகள் காக்கப்பட்டு வருகின்றன. கேட்டுச் செய்வது எளிது.

ஏட்டின் வாழ்நாள் தமிழகத்து ஈரத்திலும் வெப்பத்திலும் இருநூறு முந்நூறு ஆண்டுகளே. இன்று கிடைக்கும் தமிழ்ச் சுவடிகளுள் மிகப் பல 18, 19ஆம் நூற்றாண்டுகளில் எழுதியவை. சங்க நூலும் சிந்தாமணியும் அதுவரை வந்து சேர்ந்தது, தலைமுறைதோறும் எவரோ ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியமையால். சமணர் அதைச் சாத்திரதானம் என்று அறத்துள் வைத்தனர். 10ஆம் நூற்றாண்டில் அத்திமப்பை என்னும் கன்னடப் பெருமாட்டி பொன்னகவியின் சாந்திபுராணத்துக்கு ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினாள் என்பர். ஆயிரம் படி எழுதிய கைகளின் பெயர்கள் இன்று எவருக்கும் தெரியா. எழுதுவித்தவளின் பெயர் நின்றது. அதுவே அக்காலத்து முறை.

தொடக்கக்காரர் ஆயிரம் படிக்கு ஆசைப்பட வேண்டியதில்லை. முழுமையாக எழுதத்தக்க முதல் ஏடு பஞ்ச நமஸ்கார மந்திரம். எழுத்து 35, வரி ஐந்து. ஒரே ஏட்டின் ஒரே பக்கத்தில் அடங்கும். முதலில் தமிழெழுத்தில் எழுதலாம். பிராகிருத ஒலிகள் அதில் முழுதும் அடங்கா என்பதை எழுதும்போதே காது உணர்த்தும். அடுத்த ஏட்டைக் கிரந்தத்தில் எழுதலாம். ஒருவர் படிக்க ஒருவர் எழுதுவதானால் லகர ளகரமும் ரகர றகரமும் காதில் மயங்கும்; ஆகவே எழுதி முடித்தபின் படித்தவரும் எழுதியவரும் இடம் மாறி அமர்ந்து ஒப்புநோக்க வேண்டும். எண்ணிப் பார்க்கும்போது 34 இருந்தாலும் 36 இருந்தாலும் அவ்வேட்டுக்கு மை தடவாமல் ஒதுக்கிவிட்டு வேறோர் ஏட்டை எடுப்பதே முறை. கீறிய கோடு அழிவதில்லை.

ஏட்டின் இடப்புற ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டெண் இட வேண்டும். எண் ஏட்டுக்கு ஒன்று, பக்கத்துக்கு அன்று. கடைசியில் எழுதியவர் பெயரும் ஊரும் நாளும் வரும். பழைய ஏடுகளில் பிரபவ முதலிய அறுபது ஆண்டுப் பெயர்களுள் ஒன்றை மட்டும் எழுதிவிட்டமையால், அது எந்தச் சுற்றைச் சேர்ந்தது என்று அறியாமல் ஆராய்வோர் இன்றும் திண்டாடுகின்றனர். புதிதாக எழுதுவோர் தமிழாண்டின் பெயரோடு வீரநிர்வாண ஆண்டையும் சேர்த்து எழுதிவிட்டால், முந்நூறு ஆண்டுக்குப் பின் அவ்வேட்டைப் பெயர்த்தெழுத எடுப்பவர்க்கு அந்த ஐயம் இராது.